நடுமடைக் குடும்பம்

நான் கணக்கெடுக்கும் கோவிலாங்கரை தாலுகாவின் வருமானத்தை வரிசையில் நிற்கவைத்துத்தான் பார்ப்போம். ஆடி பிறந்ததும் எல்லாக் குடும்பங்களும் கண்மாய்க்கரை ரோட்டுக்கு வந்துவிடும். அதிகம் சம்பாதிக்கிற வீடு ஒரு கோடியில், ஒன்றுமில்லாத வீடு மறுகோடியில். கண்மாய்ப் பாசனத்தில் பழகிய சனங்கள், அதனால் முதல் கோடியைத் தலைமடை என்பார்கள், கடைசியைக் கடைமடை என்பார்கள். நட்டநடுவில் நிற்கிற குடும்பம் நடுமடை. அதன் வருமானம்தான் தாலுகாவின் வருமானம். கூட்டல், பெருக்கல் என்ற வம்பே கிடையாது.

பதினாலு வருடமாக நடுமடை பாக்கியத்தாய் அக்காதான். கரிமூட்டத்தில் வேலை, மாதம் ஒன்பதாயிரத்து நானூறு. புருஷன் செத்த மாதம்கூட வருமானம் இறங்கிவிடக்கூடாதே என்று அவர் பங்குக் கரியையும் தானே அள்ளினார். முதல் வருடம் அக்காவுக்கு இரண்டு பக்கமும் ஆயிரக்கணக்கில் வீடுகள் நின்றன. அப்புறம் மழை பொய்த்தது. சனங்கள் திருப்பூர், ஈரோடு என்று மூட்டை கட்டினார்கள். அவரவர் இஷ்டத்துக்குக் கிளம்பினால் நடு நகர்ந்துவிடும் அல்லவா? அதனால் ஜோடி போட்டு அனுப்பினோம். தலைமடையில் ஒரு வீடு, கடைமடையில் ஒரு வீடு, இரண்டும் ஒரே பஸ்ஸில். அக்கா நின்ற இடத்திலேயே நின்றார். நான் மேலிடத்துக்கு அனுப்பிய வரைபடத்தில் கோடு ஸ்கேல் வைத்து இழுத்த மாதிரி போயிற்று. பாராட்டுக் கடிதம் கொடுத்தார்கள். அதை மடித்துப் படிவக்கட்டுக்கு அடியில் செருகினேன்.

போன சித்திரையில் அக்காவின் மகள் முத்துச்செல்விக்குத் திருப்பூரில் ஏழு மாதம். கூடமாட இருக்க ஆளில்லை. மருமகன் பனியன் கம்பெனியே கதி என்று கிடக்கிறவன். வரிசையில் நூற்று முப்பத்தோரு வீடுகள் மிச்சமிருந்தன.

“தம்பி, பிரசவத்துக்குள்ள என் முறை வந்துருமா?” என்று கேட்டார் அக்கா.

“தினம் ஒரு ஜோடி போகுதுல்ல. அறுபத்தஞ்சு நாள்தான்க்கா. விரலை மடக்கிக்கிட்டே வாங்க.”

அவரும் மடக்கினார், நானும் மடக்கினேன். அறுபத்தைந்தாம் நாள் சாயங்காலம் ரோட்டில் அவர் மட்டும் நின்றார். கரிமூட்ட முதலாளி ஊரைவிட்டுப் போய் வெகுநாள் ஆகியிருந்தது. ஆனாலும் அக்காவுக்கு மாதம் பிறந்தால் அதே ஒன்பதாயிரத்து நானூறு வந்தது. யார் கொடுக்கிறார்கள் என்று கேட்கப் படிவத்தில் கட்டம் இல்லை.

மறுநாள் பஸ் வந்தது. கண்டக்டர் விதி தெரிந்தவர். “ஜோடி எங்கம்மா?” என்றார். அக்கா தோளில் மாட்டிய பையைக் கீழே இறக்கினார்.

“ஏன் தம்பி, இப்பத் தலைமடையும் நான்தான், கடைமடையும் நான்தான். ரெண்டு பேராக் கணக்கு வச்சு ஏத்திவிட்டா உங்களுக்கு என்ன கொறஞ்சு போகுது?”

எனக்கு நியாயமாகத்தான் பட்டது. மனு எழுதி அனுப்பினேன். அது போய்த் திரும்ப இருபத்தைந்து நாள். பத்தாம் நாளே முத்துச்செல்விக்குப் பெண் குழந்தை பிறந்துவிட்டது. “போச்சே தம்பி, பச்சப்புள்ளைய மொதல்ல வாங்குறதுக்கு நான் இல்லாமப் போயிட்டேனே” என்று அக்கா ரோட்டிலேயே உட்கார்ந்து அழுதார். நான் மனு நகலில் தேதி சரிதானா என்று பார்த்தேன். என்னைப்போல ஒரு உதவாக்கரை எந்தத் தாலுகாவிலாவது உண்டா?

உத்தரவு வந்தது. ‘தலைமடையும் கடைமடையும் ஒரே பேருந்தில் செல்லலாம். நடுமடி இருந்தே ஆக வேண்டும்.’ டைப் அடித்தவர் நடுமடையை நடுமடி ஆக்கியிருந்தார். உத்தரவில் வந்த எழுத்தில் கைவைக்க எனக்கு அதிகாரம் இல்லை. உள்ளபடியே அக்காவுக்குப் படித்துக் காட்டினேன்.

“மடி மட்டுந்தானே? இருந்துட்டுப் போகட்டும். நான் புள்ளையப் பாக்கணும்” என்றார். மடியை இறக்கி மைல்கல்லுக்குப் பக்கத்தில் பதனமாக வைத்தார். கண்டக்டர் தலைமடைக்கு ஒன்று, கடைமடைக்கு ஒன்று என்று இரண்டு டிக்கெட் கிழித்தார். பஸ் கிளம்பியது.

மூன்றாம் நாள், ஆடி ஒன்றாம் தேதி, முத்துச்செல்வி எனக்குப் போன் செய்தாள்.

“மாமா, அம்மா வந்து சேந்துட்டாங்க. ஆனா புள்ளைய வாங்க மாட்டேங்குறாங்க. மடி ஊர்ல இருக்கு, எதுல போட்டுக்கிறதுன்னு கேக்குறாங்க. நின்னுக்கிட்டே பாத்துக்கிட்டு இருக்காங்க மாமா. அது எப்ப வரும்?”

“ஜோடி கிடைச்சா அனுப்புறேன்மா” என்றேன்.

அன்றே படிவத்தை எடுத்துக்கொண்டு கண்மாய்க்கரைக்குப் போனேன். மைல்கல்லுக்குப் பக்கத்தில் மடி, பிள்ளையைத் தூங்கவைக்கிற மாதிரி, இடமும் வலமுமாக மெல்ல ஆடிக்கொண்டிருந்தது. ஆட்டம் நின்றதும் கேள்விகளைக் கேட்கலாம் என்று காத்திருந்தேன். பொழுது சாயும்வரை நிற்கவில்லை. குடும்பத்தில் எத்தனை பேர் என்ற கட்டத்தில் இரண்டு என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.