இருபத்தேழு இன்ச்சில் தனக்கோடி

துளசிங்கம் எதையும் சும்மா குறை சொல்கிறவர் அல்ல. முறைப்படிதான் சொல்வார். ஆகவே புதுக் கம்ப்யூட்டர் வீட்டுக்கு வந்த மூன்றாம் நாள், அதை விற்ற தாம்பரம் கடைக்கு அவர் அனுப்பிய வாட்ஸப் செய்தி இப்படித் தொடங்கியது: 'பொருள்: திரையில் படம் தெளிவின்றித் தெரிதல் – உடன் நடவடிக்கை கோருதல் – தொடர்பாக.' செய்தி மூன்று வரி. அதற்குக் கீழே அவர் யார் என்பது ஐந்து வரி. ஓய்வுபெற்ற கண்காணிப்பாளர், குடியிருப்போர் நலச் சங்கத்தின் நிறுவனத் தலைவர், பிள்ளையார் கோயில் திருப்பணிக் குழு ஆலோசகர், மூத்த குடிமக்கள் நடைப்பயிற்சி இயக்கத்தின் புரவலர் என்று போயிற்று. அந்த இயக்கத்தில் மொத்தம் நாலு பேர். அதில் இரண்டு பேர் பெஞ்சில் உட்கார்ந்திருப்பார்கள்.

கம்ப்யூட்டரை அவர் வாங்கியதற்கு ஊரறிந்த காரணம் ஒன்று, ஊரறியாத காரணம் ஒன்று.

ஊரறிந்தது இது. அவர் மனைவி தனக்கோடி இறந்து, வருகிற ஞாயிற்றுக்கிழமையோடு ஒரு வருஷம். முடிச்சூர் ரோடு திருப்பத்தில், பத்தடிக்கு எட்டடி, நினைவஞ்சலி பேனர் வைக்கவேண்டும். வாசகம் தயார். 'நிறுவனத் தலைவர் துளசிங்கம் அவர்களின் அன்புத் துணைவியார்' என்பது ஒரு சாண் எழுத்தில். தனக்கோடி என்பது நாலு விரல்கடையில். பாக்கி இருந்தது போட்டோ மட்டும்தான்.

அந்தப் போட்டோவைத்தான் பேனர் அடிக்கிற பம்மல் குப்புராஜ் திருப்பிக் கொடுத்துவிட்டான். "சார், கோச்சுக்காத. இது தாங்காது. இப்பவே மூஞ்சி கலக்கின கஞ்சி மாதிரி கீது. பத்தடிக்கு இஸ்துப் பெருசாக்கினா அக்காவா ஆப்பமான்னே தெரியாது."

"உன் கம்ப்யூட்டர் எந்தக் காலத்துது?"

"அது ஆவும் சார், பத்து வருசம்."

"அதான். குறை போட்டோவில இல்ல, உன் பெட்டியில."

மறுநாளே இருபத்தேழு இன்ச் திரையோடு ஆர்டர் கொடுத்தார். தெருவில் எல்லோருக்கும் 'ஃபோர் கே' என்று சொன்னார். நாலு என்றால் என்ன, கே என்றால் என்ன என்று யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சிக்கல்.

ஊரறியாத காரணம் வேறு. கொஞ்ச நாளாகக் காலையில் எழுந்ததும் கண்ணை மூடிக்கொண்டு தனக்கோடியை நினைத்துப் பார்ப்பார். மாம்பழக் கலர் சேலை வரும். சமையலறையில் கரண்டி வைக்கிற சத்தம் வரும். கால் வெடிப்பு வரும், அது தரையில் உராய்கிற ஓசைகூட வரும். முகம் மட்டும் வராது. முகம் இருக்கவேண்டிய இடத்தில் துடைத்துவிட்டமாதிரி ஒன்றும் இருக்காது. முப்பத்தொன்பது வருஷம் ஒரே வீட்டில் இருந்துவிட்டு இதை யாரிடம் போய்ச் சொல்வது? ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, பெரிதாக, தெளிவாகப் பார்த்துவிட்டால் போதும், பிடித்துக்கொள்ளலாம் என்று நினைத்தார்.

பிள்ளைகள் இல்லை, ஆல்பம் தேட. கல்யாண ஆல்பம் வெள்ளம் வந்த வருஷம் பீரோவோடு ஊறிக் கூழாகிவிட்டது. ஆதார் அட்டையில் இருப்பவளைத் தான் என்று தனக்கோடியே ஒப்புக்கொண்டதில்லை. கூடத்தில் மாலை போட்டு மாட்டியிருக்கும் படம்கூட இதே கலங்கல் போட்டோதான். நெற்றியைச் சந்தனப் பொட்டும், மோவாயைப் பிளாஸ்டிக் மாலையும், மிச்சத்தைச் சீரியல் பல்பும் மறைத்ததால் ஒரு வருஷமாக யாருக்கும் தெரியவில்லை. மைத்துனன் ஜீவானந்தம் அனுப்பியது அது. குரோம்பேட்டையில் ஒரு ரிசப்ஷனில் மொய்க் கவரோடு வரிசையில் நின்றவளை, யாரோ யாரையோ எடுத்த போட்டோவிலிருந்து வெட்டி எடுத்தது.

கடையிலிருந்து வந்தவள் பெயர் பிளஸ்ஸி. நாற்பது வயசிருக்கும். ஸ்கூட்டரை நிறுத்திவிட்டு, தோள்பையோடு உள்ளே வந்து, திரையைப் பார்த்தாள்.

நாலு மூலையிலும் சந்தனம், குங்குமம். நடுவில் மூன்று விரல் விபூதிப் பட்டை.

"பூஜை போட்டீங்களா சார்?"

"போடாம எப்படிம்மா? புதுசு."

"சரி சார். திரை மேல ஒட்டியிருந்த பிளாஸ்டிக் பேப்பரை உரிக்கலையே?"

"எதுக்கு உரிக்கணும்? கீறல் விழாதா?"

பிளஸ்ஸி கூடத்தைச் சுற்றிப் பார்த்தாள். ரிமோட் பாலிதீன் பைக்குள். ஃப்ரிட்ஜ் கைப்பிடி டர்க்கி டவலுக்குள். சோபாவுக்குக் கடைக்காரன் போட்டு அனுப்பிய உறை அப்படியே இருந்தது. அந்த உறையின்மேல் தனக்கோடி ஆறு வருஷம் வழுக்கி வழுக்கித்தான் சீரியல் பார்த்தாள்.

"பாலிதீன் வழியாப் பாத்தா எந்தத் திரையும் பனிமூட்டமாத்தான் சார் தெரியும்," என்று சொல்லிக்கொண்டே பிளஸ்ஸி ஒரு மூலையில் நகத்தைக் கொடுத்து இழுத்தாள். சந்தனம், குங்குமம், விபூதி எல்லாம் ஒரே உரியாக வந்துவிட்டது. துளசிங்கத்துக்குத் தன் தோலையே உரித்தமாதிரி இருந்தது. ஆனால் உள்ளே ஒரு குரல், 'இப்போ வந்துடுவா' என்றது.

படத்தைத் திறந்தார்கள். வரவில்லை.

பிளஸ்ஸி பின்பக்கம் குனிந்து கேபிளைப் பார்த்தாள். "இது பழைய மானிட்டரோட ஒயராச்சே. புதுசு ஒண்ணு கூட வந்திருக்குமே?"

"பீரோவில பத்திரமா இருக்கு. பழசே நல்லாத்தானே இருக்கு, அதை ஏன் வீணாக்கணும்னு..."

"புதுசை எடுத்துட்டு வாங்க சார்."

கேபிள் சீல் உடையாமல், அவருடைய பென்ஷன் ஆர்டருக்குப் பக்கத்தில் இருந்தது. மாட்டினாள். பிறகு மௌஸைப் பிடித்து எதையோ மாற்றினாள். எழுத்தெல்லாம் சட்டென்று எறும்பாகச் சுருங்கியது.

"அம்மா, நான்தான் பெருசா வெச்சேன். படிக்க வசதியா."

"எழுத்தைப் பெருசாக்குறதுக்குத் திரையோட அளவையே குறைச்சு வெச்சிட்டீங்க சார். அந்தக் காலத்து டப்பா டிவி அளவு. எழுத்துக்கு வேற வழி இருக்கு, நான் பண்ணித் தரேன்."

பண்ணித் தந்தாள். திரை கழுவி விட்டதுபோல் பளிச்சென்றது. மறுபடியும் தனக்கோடியைத் திறந்தார்கள். இருபத்தேழு இன்ச்சுக்கும் விரிந்து, கட்டம் கட்டமாக, பழுப்பும் கறுப்புமாக ஏதோ நின்றது. துளசிங்கம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். பிறகு எழுந்து போய் ஜன்னல் பக்கம் நின்று பார்த்தார்.

"பீஸே குறை உள்ள பீஸ்மா. மாத்திக் கொடுக்கச் சொல்லு. இல்லேன்னா நான் நுகர்வோர் கோர்ட்டுக்கு எழுதவேண்டி வரும்."

"எழுதுங்க சார். அதுக்கு முன்னாடி வேற போட்டோ ஏதாவது இருக்கா? டெஸ்ட் பண்ணிப் பாத்துடலாம்."

இருந்தது. பென் டிரைவ் நிறைய இருந்தது. 'தலைவர் 1' முதல் 'தலைவர் 14' வரை ஃபோல்டர்கள். பிளஸ்ஸி ஏதோ ஒன்றைத் தட்டினாள்.

கூடத்தில் வெளிச்சம் கூடியதுபோல் இருந்தது. துளசிங்கம் பொன்னாடை வாங்கிக்கொண்டிருந்தார். சரிகையில் ஒவ்வோர் இழையும் தனித்தனியாகத் தெரிந்தது. மீசையில் டை படாத மூன்று முடி தெரிந்தது. பின்னால் பேனரில் அச்சடித்தவர்களின் செல் நம்பர்கூடப் படிக்க முடிந்தது.

"பாத்தீங்களா!" என்றார் அவர், தன்னையும் அறியாமல் பெருமையோடு. "எப்படித் துல்லியமா இருக்கு!"

"இருக்கு சார். அப்ப திரையில கோளாறு இல்ல," என்றாள் பிளஸ்ஸி.



பிளஸ்ஸி அம்புக்குறியைத் தட்டிக்கொண்டே போனாள். கொடி ஏற்றும் துளசிங்கம். மரக்கன்று நடும் துளசிங்கம். அதே மரக்கன்றை அடுத்த வருஷம் அதே குழியில் மறுபடி நடும் துளசிங்கம். மழைநீர் வடிகாலைப் பார்வையிட்டு விரலை நீட்டும் துளசிங்கம். நோட்டுப் புத்தகம் கொடுக்கும் துளசிங்கம். வாங்குகிற குழந்தைக்கு முதுகு மட்டும். எல்லாமே கண்ணாடிபோல் இருந்தன.

"ரெண்டாயிரத்துக்கு மேல இருக்கு சார். அம்மா ஒண்ணுலகூட இல்லையே?"

"அவ எப்படி இருப்பா? அவதானே எடுத்தா."

சாதாரணமாகத்தான் சொன்னார். சொன்ன பிறகுதான் அது அவர் காதிலேயே விழுந்தது.

'தலை வெட்டுப்படாம எடு. பேனர் முழுசா விழணும். கை ஆடாதே.' அவள் கை ஆடவே இல்லை. அவர் ரிடையர் ஆன அன்று, ஆபீஸில் மேடைக்கு அவளையும் கூப்பிட்டார்கள். மாலை இரண்டு வாங்கி வைத்திருந்தார்கள். 'நீ மேல வந்துட்டா யார் எடுக்கிறது?' என்று கேட்டவர் இவர்தான். அவள் ஒரு படி ஏறியிருந்தவள், சரி என்று இறங்கி, போனைத் தூக்கிப் பிடித்தாள். இரண்டாவது மாலையையும் அவர் கழுத்திலேயே போட்டார்கள். அந்தப் படமும் இருந்தது, 'தலைவர் 3'-இல். ஒவ்வொரு ரோஜா இதழும் எண்ணிக்கொள்ளலாம்.

பிளஸ்ஸி மௌஸிலிருந்து கையை எடுத்துவிட்டாள். "சார், அம்மா போட்டோவில விஷயமே கம்மி. தூரத்துல நின்னதை வெட்டி, அதை வாட்ஸப்புல நாலு கை மாத்தி அனுப்பியிருக்காங்க. எந்த ஊர் மானிட்டர் வாங்கினாலும் இல்லாததைக் காட்டாது. ஒண்ணு வேணா பண்ணலாம். மங்கின முகத்தைத் தெளிவாக்கித் தர்ற ஆப் இருக்கு. எங்கம்மா படத்துக்குப் பண்ணியிருக்கேன், நல்லா வந்துச்சு."

"பண்ணும்மா. பண்ணு."

திரையில் ஒரு வட்டம் சுற்றியது. துளசிங்கம் நாற்காலியின் நுனிக்கு வந்து, வேட்டியைச் சரிசெய்துகொண்டு உட்கார்ந்தார், பெண் பார்க்கப் போனவர்போல.

முகம் வந்தது. இமை முடிகூடத் தெரிந்தது. பல் வரிசை முத்துக் கோத்தமாதிரி இருந்தது. கன்னம் வெள்ளையடித்த சுவர்போல் வழவழவென்று இருந்தது. பார்க்க லட்சணமான ஒரு பெண்மணி அவரைப் பார்த்துச் சிரித்தாள்.

"யாரும்மா இது?"

"அம்மாதான் சார்."

"இது அவ இல்ல."

"சில சமயம் கொஞ்சம் மாத்திடும் சார். எங்க மாறியிருக்குன்னு சொல்லுங்க, சரி பண்ணிடலாம். கண்ணா, மூக்கா?"

துளசிங்கம் வாயைத் திறந்தார். முப்பத்துநாலு வருஷம் அடுத்தவர் எழுதிய கோப்பில் காற்புள்ளி விடுபட்டதைக்கூடச் சிவப்பு மையால் வட்டம் போட்டவர். இந்த முகத்தில் எது தப்பு என்று அவருக்குச் சொல்லத் தெரியவில்லை. தப்பு என்பது மட்டும் தெரிந்தது.

"கண்ணு..." என்றார்.

"அம்மாவுக்குச் சின்னக் கண்ணா சார், பெருசா?"

அவர் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிளஸ்ஸி இன்னொரு தடவை கேட்கவில்லை. சத்தமில்லாமல் அந்தப் பெண்மணியை மூடினாள். பழைய போட்டோவை எடுத்து, சிறிதாக்கிக்கொண்டே போனாள். கை அகலம், அப்புறம் தீப்பெட்டி, அப்புறம் தபால்தலை. அத்தனை பெரிய கருந்திரையின் நடுவில் கட்டைவிரல் நகம் அளவுக்கு ஒரு முகம் நின்றது.

"இந்த சைஸ்ல பாத்தா தெளிவா இருக்கும் சார். இதுல இருக்கிறது இவ்வளவுதான்."

இருந்தது. ஒரு பெண்பிள்ளை, கலைந்த தலை, கவரைப் பிடித்த கையோடு வேறு எங்கேயோ பார்த்துக்கொண்டிருந்தாள். துளசிங்கம் மூக்கு திரையில் இடிக்கிறவரை குனிந்தார். குனிந்தால் மறுபடி கட்டம் கட்டமாகப் பிரிந்தாள். நிமிர்ந்தால் சேர்ந்தாள்.

பிளஸ்ஸி சர்வீஸ் தாளை நீட்டினாள். 'புகார் தீர்ந்ததா?' என்ற இடத்தில் அவர் 'ஆம்' என்பதில் டிக் போட்டுக் கொடுத்தார். வாசல்வரை போனவள் திரும்பி வந்து, "சார், அந்தப் பிளாஸ்டிக்கை மறுபடி ஒட்டிடாதீங்க," என்றாள். சிரிக்கவைக்கப் பார்த்தாள் போலிருக்கிறது. அவர் தலையை மட்டும் ஆட்டினார்.

ஸ்கூட்டர் சத்தம் போன கொஞ்சநேரத்தில் குப்புராஜ் போன் செய்தான்.

"இன்னா சார், புதுப் பெட்டியில படம் செரியா வந்துச்சா? இன்னிக்கு அனுப்புனாத்தான் ஞாயித்துக்கெயம கட்ட முடியும்."

"படம் இல்லப்பா."

"இல்லன்னா? மூஞ்சி இல்லாம அஞ்சலியா சார்? ஜனம் யாருன்னு கேக்காது?"

"குப்புராஜ், நீ அவளைப் பாத்திருக்கியா?"

"இன்னா சார் நீ, இப்டிக் கேட்டுட்ட? உன் பேனரு ஒவ்வொண்ணையும் அக்காதான வந்து வாங்கினு போவும்? ஆட்டோல பத்தாம, பாதி வெளிய நீட்டிகினு, அத்தப் புடிச்சிகினு ஒக்காந்து போவும்."

"எப்படி இருப்பா?"

அந்தப் பக்கம் பிரிண்டிங் மெஷின் ஓடுகிற சத்தம் கேட்டது. பிறகு அது நின்றது. குப்புராஜ் வெளியே வந்துவிட்டான்போல, ரோட்டுச் சத்தம் கேட்டது.

"எடது புருவத்துக்கு மேல ஒரு தழும்பு இருக்கும்ல சார், பிறை நெலா மாதிரி. சின்னதுல ஊஞ்சல்லேந்து வுயுந்ததாம். அக்காதான் சொல்லுச்சு."

துளசிங்கத்துக்கு ஊஞ்சல் கதை தெரியாது.

"அப்புறம்?"

"சிரிச்சா வாயப் பொத்திக்கும். முன்னால ஒரு பல்லு லேசா திரும்பி இருக்கும், அதுக்கு வெக்கம். நான் சொல்வேன், 'இன்னாக்கா, பல்லு நல்லாத்தான கீது'ன்னு. அதுக்கும் பொத்திகினு சிரிக்கும்."

அவர் கண்ணை மூடிக்கொண்டார். புருவத்தை வைத்தார். தழும்பை வைத்தார். பல்லை வைத்தார். இடையில் நிறைய இடம் காலியாக இருந்தது.

"சார்? லைன்ல கீறியா?"

"இருக்கேன்," என்றார் துளசிங்கம். "கண்ணு எப்படி இருக்கும்? அதைச் சொல்லு."