சுவரோரக் கோப்பை

சனிக்கிழமை காலை பத்து மணிக்கு டெஸ்மண்டின் காப்பிக் கடையில், நீள மேசையைச் சுற்றி ஒன்பது பேர் கரண்டியும் கையுமாக நின்றார்கள். மில்வாக்கியில் அன்று ஏரிக் காற்று ஆளையே தள்ளிக்கொண்டு போனது. உள்ளே கண்ணாடியெல்லாம் ஆவி பூத்திருந்தது.

மார்லிஸ் வழக்கம்போல மேசையின் கோடியில், சுவரோடு ஒட்டிக்கொண்டு நின்றாள். பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை அவளுக்கு. வாரத்தில் ஐந்து நாளும் காய் சீவுவதும் பாத்திரம் கழுவுவதுமாகவே போய்விடும். இந்த ஒரு மணி நேரம்தான் அவளுக்காக இன்னொருவர் வெந்நீர் வைத்து, கோப்பை எடுத்து வைத்து, "வாங்க" என்பது. அதற்காகவே நான்கு வாரமாக வருகிறாள்.

புதிதாக வறுத்த காப்பியை வாடிக்கையாளர்களே ருசி பார்த்து ஆளுக்கொரு வார்த்தை சொல்வது அந்தக் கடை வழக்கம். டெஸ்மண்ட் அதைப் பலகையில் எழுதி வைப்பான். வாரம் முழுக்க வருகிறவர்கள் அதைப் படித்துத்தான் காப்பி கேட்பார்கள். மார்லிஸ் நான்கு வாரமும் கடைசி ஆளாக நின்று, "அதேதான்" என்று சொல்லித் தப்பித்திருந்தாள்.

"இன்னைக்கு ஒரு புதுச் சட்டம்," என்றான் டெஸ்மண்ட். "யாரு 'அதேதான்'னு சொல்றாங்களோ, அவங்க இருபது கப்பையும் கழுவணும். நான் யாரையும் மனசுல வச்சுச் சொல்லலை."

எல்லோரும் மார்லிஸைப் பார்த்துச் சிரித்தார்கள். அவளும் சிரித்து வைத்தாள். இருபது கோப்பை அவளுக்குப் பத்து நிமிட வேலை. ஆனால் இங்கேயும் தொட்டியடியில் போய் நின்றுவிட்டால், இங்கேயும் அவள் பாத்திரம் கழுவுகிறவள்தான்.

நான்கு வகைக் காப்பி, வகைக்கு ஐந்து கோப்பை. ஐந்திலும் ஒவ்வொரு கரண்டி எடுத்துப் பார்க்க வேண்டும் என்பது முறை. யார் பார்க்கிறார்கள்? கைக்கு எட்டினதில் எடுத்துச் சர்ரென்று உறிஞ்சிவிட்டு நகர்ந்துவிடுவார்கள். சுவரோரக் கோப்பைகள் மார்லிஸுக்கென்றே ஆகிப்போயிருந்தன.

மூன்றாவது காப்பியின் வரிசையில் கோர்டன் முதலில் உறிஞ்சினார். ஓய்வு பெற்ற பல் மருத்துவர். அவர் உறிஞ்சுகிற சத்தம் தெருவுக்குக் கேட்கும்.

"மல்லிகை," என்றார் கண்ணை மூடிக்கொண்டு. "பின்னாடியே ஆரஞ்சுத் தோல்."

"டாக்டரே, போன வாரமும் மல்லிகைதானே? வீட்டுல தோட்டம் ஏதாச்சும் போட்டிருக்கீங்களா?" என்றான் டெஸ்மண்ட். அடுத்தவர் கருந்திராட்சை என்றார். இன்னொருவர் தேன் என்றார்.

மார்லிஸ் தன் பக்கத்துக் கோப்பையில் ஒரு கரண்டி எடுத்தாள். நாக்கில் பட்டதும் திடுக்கிட்டாள். மல்லிகையும் இல்லை, தேனும் இல்லை. மறுபடி எடுத்தாள். அதே வாசனை. தினமும் காலை ஆறு மணிக்கு அவள் மூக்கில் ஏறுகிற வாசனை.

"மார்லிஸ்?" என்றான் டெஸ்மண்ட், சாக்கட்டியை உயர்த்தி.

தேன் என்று சொல்லிவிடலாம். அது ஏற்கெனவே வந்துவிட்டது. வேறு பழம் ஏதாவது? யோசிக்குமுன் உள்ளதுதான் வந்தது.

"உருளைக்கிழங்கு."

மேசை முழுக்கச் சிரிப்பு.

"ஊரே மீனும் கிழங்கும் தின்கிற வெள்ளிக்கிழமை நேத்தே முடிஞ்சுபோச்சே, மார்லிஸ்! மீன் வறுவல் எங்க?" என்றார் கோர்டன். "உங்க கிழங்கு வறுத்ததா, மசிச்சதா?"

அவளுக்கு முகம் சூடானது. "பச்சைக் கிழங்கு," என்றாள். "தோலைச் சீவி, தண்ணியில போடறதுக்கு முன்னாடி வருமே, அந்த வாசனை. வாரத்துக்கு நூத்தம்பது பவுண்டு சீவறேன் டாக்டர். இதுல எனக்குத் தப்பாது."

டெஸ்மண்ட் சிரிக்கவில்லை. மேசையைச் சுற்றி வந்து அந்தக் கோப்பையை முகர்ந்தான். பக்கத்துக் கோப்பையையும் முகர்ந்தான். திரும்ப முதல் கோப்பைக்கே வந்தான்.

"அடேயப்பா!" என்று மேசையைத் தட்டினான். "இது ருவாண்டாக் காப்பி. அங்க எப்பவாச்சும் ஒரு கொட்டைக்கு இப்படி ஆயிடும். பூச்சி கடிச்சதுன்னு சொல்றாங்க. பார்த்தா தெரியாது, வறுக்கும்போதும் தெரியாது. அந்த ஒரு கொட்டை எந்தக் கப்புல விழுதோ அது மட்டும் பச்சைக் கிழங்கு. கேள்விப்பட்டிருக்கேன், இன்னைக்குத்தான் என் மேசையில மோந்து பார்க்கறேன்!"

அவ்வளவுதான். மற்ற எட்டுப் பேரும் சுவரோரம் வந்து நெருக்கினார்கள். மார்லிஸ் கோப்பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, "தள்ளாதீங்க, சிந்திடும்," என்று ஆளுக்கொரு கரண்டி கொடுத்தாள்.

கோர்டன் தெருவுக்குக் கேட்கும்படி உறிஞ்சினார். அவர் முகம் கோணியது.

"ஐயையோ," என்றார். "அதேதான்!"

சிரிப்பில் கடையே அதிர்ந்தது. "சட்டம் சட்டம்தான், டாக்டரே!" என்று டெஸ்மண்ட் துடைக்கும் துணியை எடுத்து அவர் தோளில் போட்டான்.

பலகையில் மல்லிகைக்குக் கீழே "உருளைக்கிழங்கு, ஒரு கோப்பையில் மட்டும்" என்று ஏறியது. பக்கத்தில் அவள் பெயர்.

மார்லிஸ் ஜன்னலோரம் உட்கார்ந்தாள். டெஸ்மண்ட் நல்ல கோப்பை ஒன்று கொண்டுவந்து வைத்தான். உள்ளே தொட்டியில் பீங்கான் மோதுகிற சத்தமும் கோர்டனின் முணுமுணுப்பும் கேட்டன. அடுக்கும்போது கவிழ்த்து வைக்க வேண்டும், மனிதர் நிமிர்த்தி வைக்கிறார் என்று சத்தத்திலேயே தெரிந்தது. எழுந்துபோய்ச் சொல்லலாமா என்று நினைத்தாள்.

சொல்லவில்லை. காப்பியைச் சர்ரென்று உறிஞ்சினாள்.