பன்னிரண்டு மாத விசா

…மூன்று மாதம்தான், அதில் யோசிக்க என்ன இருக்கிறது, நாகலூரில் பஸ் ஏறும்போதே லாசர் முடிவு பண்ணியாயிற்று, டிசம்பர் நடுவில் மனைவி அமலி போனால் மார்ச் நடுவில் வந்துவிடலாம், பேறுகாலம் பார்த்து, குழந்தைக்குக் கழுத்து நிற்கும்வரை இருந்துவிட்டு வந்தால் ஒரு தாய் செய்ய வேண்டியது முடிந்தது… மெல்பர்னிலிருந்து மகள் ஷீனா வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தாள், சுற்றுலா விசாவில் மூன்று மாதம், ஆறு மாதம், பன்னிரண்டு மாதம் என்று இருக்கிறதாம், நீங்களும் அம்மாவும் பேசி எது வேணும்னு சொல்லுங்கப்பா என்று… பேசுவதற்கு என்ன, வீட்டில் எதைத்தான் பேசி முடிவு பண்ணியிருக்கிறார்கள், அவர் சொல்வார், அமலி சரிங்க என்பாள், முப்பத்தாறு வருஷமாக வண்டி அப்படித்தான் ஓடுகிறது. இப்போது ஏற்காடு பஸ் ஸ்டாண்டுப் பக்கத்து பிரவுசிங் சென்டரில் இருவரும் பிளாஸ்டிக் நாற்காலியில், அமலி புதுப் பாஸ்போர்ட்டை மடியில் வைத்து இரண்டு கையாலும் மூடிக்கொண்டு, எதிரே கம்ப்யூட்டரில் அபிஷா, சர்ச்சுக்கு வருகிற பெண், திரையில் வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கிறது… மூன்று மாதம் அவர் எப்படிச் சாப்பிடுவார்? ரசம் வைத்துவிடலாம், சோறுதான் குழைந்து போகும்… அட, பெண்ணுக்குப் பேறுகாலம், இவருக்குச் சோற்றுக் கவலை.

கூடப் போகிறேன் என்று அவரும்தான் கேட்டுப் பார்த்தார். "ரெண்டு பேரும் சேந்து போட்டா திரும்ப மாட்டாங்கன்னு நெனச்சுக்குவாங்கப்பா, நீங்க அங்க இருந்தாத்தான் அம்மா வந்துருவாங்கன்னு நம்பி விசா குடுப்பாங்க" என்றாள் ஷீனா. முதலில் சுருக்கென்றிருந்தது, பிறகு அதிலேயே ஒரு பெருமை வந்துவிட்டது, பூசை முடிந்து கூட்டாளி செபாஸ்டினிடம்கூடச் சொன்னார், நான் இருக்கறனேன்னுதான் அவளுக்கு விசாவே என்று… செபாஸ்டின் சிரித்தான், எதற்குச் சிரித்தான்?

"அம்மா, எத்தன மாசமுங்க போடட்டும்?" அபிஷா திரும்பினாள், லாசர் வாயைத் திறப்பதற்குள், "பன்னெண்டு மாசம் போடு கண்ணு" என்றாள் அமலி. அவ்வளவுதான், குரல்கூட உயரவில்லை. ஒரு வருஷமா? அவளா சொன்னாள்? "ஏன், மூணு மாசம் பத்தாதா?" என்றார், சிரிப்பது மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு. "ஷீனா வேலைக்குப் போவோணுமில்லைங்க, கொழந்தைய ஆரு பாப்பாங்க…" அவரைப் பார்த்துச் சொல்லவில்லை, பாஸ்போர்ட்டைப் பார்த்துச் சொன்னாள். நியாயம்தான், பேரக்குழந்தை, மறுத்துப் பேச என்ன இருக்கிறது, ஆனால் எப்போது முடிவு பண்ணினாள், இவர் பக்கத்தில் உட்கார்ந்து காப்பி குடித்துக்கொண்டிருந்தபோதா, எத்தனை நாளாக மனதில் வைத்திருக்கிறாள்…

எத்தனை நாளாக, எத்தனை வருஷமாக… அப்போது எஸ்டேட்டில் அவர் ரைட்டர், யாருக்கு எத்தனை நாள் லீவு என்று எழுதுகிற கை அவருடையது, அமலி அதே எஸ்டேட்டில் காப்பிப் பழம் பறித்தாள், ஜனவரி, பறிப்பு உச்சத்தில் இருந்தது, தர்மபுரிப் பக்கம் அவள் அம்மா படுத்த படுக்கையென்று சேதி வந்தது. இரண்டு நாள் எழுதினார். பெண்டாட்டிக்கு ஒரு நியாயமா என்று நாற்பது பேர் கேட்பார்களே என்று இரண்டே நாள். இரண்டாம் நாள் சாயங்காலம் வந்துவிட்டாள், சொன்ன சொல் தவறாதவள், மறுநாள் விடியற்காலையிலேயே இடுப்பில் பறிப்புப் பையைக் கட்டிக்கொண்டு போனாள், மத்தியானம் ஆபீசுக்குப் போன் வந்தது, போய்விட்டாள் கிழவி. அமலி மேசைக்கு முன்னால் வந்து நின்றாள், கையெல்லாம் பழக்கறை, "ஒரு நாளு எச்சா இருந்திருக்கலாமுங்க" என்றாள், அப்புறம் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. மன்னித்துவிட்டாள் என்றல்லவா நினைத்தார்… யாரும் கேட்டிருக்க மாட்டார்கள், அதே வாரம் செங்கோடன் சம்சாரத்துக்கு நாத்தனார் கல்யாணத்துக்கென்று நாலு நாள் எழுதினாரே, அதை யாராவது கேட்டார்களா? பாவி, பாவி, தன் நல்ல பேருக்காகச் செய்தது, அமலி, அன்றைக்கு நான் செய்தது தப்பு என்று இப்போது இந்த பிரவுசிங் சென்டரில் வைத்துச் சொன்னால் என்ன, சொல்லேன்… அபிஷா இருக்கிறாளே.

"அம்மா, திரும்பி வர்றதுக்கு என்ன காரணம்னு ஒரு லெட்டர் வெக்கோணுமுங்க, என்னன்னு எழுதட்டும்?" அமலி யோசித்தாள். "ஊடு இருக்குதுன்னு எழுது கண்ணு." அபிஷா தட்டினாள். "ஒரு ஏக்கரா காப்பி இருக்குது… மொளகுக்கொடி, பசு மாடு…" "மாடெல்லாம் வேண்டாமுங்கம்மா," அபிஷா சிரித்தாள், "ஆளு யாராச்சும் இருந்தா நொம்ப நல்லதுங்க." லாசர் நிமிர்ந்து உட்கார்ந்தார், சட்டைக் காலரைக்கூடச் சரிசெய்துகொண்டார், என்ன மடத்தனம். அமலி கதவுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள், சேலம் பஸ் ஒன்று பின்னால் நகர்ந்து திரும்பும்வரை பார்த்தாள். "அதா ஐயா இருக்கறாருல்லீங்கம்மா" என்று அபிஷாவே சொன்னாள். "ஆமா, அவுங்களும் இருக்கறாங்க. எழுதிக்க கண்ணு."

அச்சடித்த தாள் சூடாக வெளியே வந்தது, அமலி கையெழுத்துப் போட்டுவிட்டு அவர் பக்கம் நகர்த்தினாள், என் மனைவி குறித்த காலத்தில் திரும்புவார் என்று கீழே அவரும் ஒரு கையெழுத்துப் போட வேண்டுமாம். பேனா கையில். திரும்பாமல் என்ன, எப்போதும் சொன்ன நாளில் வந்திருக்கிறாளே… ஆமாம், இவர் நாள் சொன்னார், அவள் வந்தாள், ஒவ்வொரு தடவையும் அப்படித்தான்… நாள் குறிக்காமல் விட்டிருந்தால் வந்திருப்பாளா? விட்டுப் பார்த்ததில்லையே, ஒருநாளும் விட்டுப் பார்த்ததில்லையே… "போடுங்க, பஸ் போயிரும்" என்றாள் அமலி.