போன்களைக் கூண்டில் ஏற்றும் உணவகம்

அன்று மேசையில் இருந்தவர்கள்: அக்கா, அக்காவின் கணவர், நான். நாலாவது நாற்காலி அண்ணனுக்கு. அவன் வந்துகொண்டிருப்பதாகச் சொன்னார்கள். அம்மா வீட்டில் இருந்தார், எதிர்வீட்டு டீச்சர் துணையோடு.

ஒரு வீட்டைத் தலைகீழாகக் கவிழ்த்ததுபோல அந்த உணவகத்தை அலங்கரித்திருந்தார்கள். கூரையில் கட்டில், அதில் கசங்கிய போர்வை, பக்கத்தில் ஒரு ஜோடி செருப்பு. மின்விசிறி தரையிலிருந்து முளைத்திருந்தது. உள்ளே நுழையும்போதே வாசலில் நின்றவன், "போயிட்டு வாங்க" என்றான். இனிப்பு முதலில் வரும், சூப் கடைசியில். இதற்குத்தான் வெளியே அவ்வளவு கூட்டம்.

எனக்குப் பிடித்திருந்தது. பகலில் தூங்கி இரவில் விழித்திருக்கும் ஆளுக்கு அது ஒன்றும் விசித்திரமாகத் தெரியவில்லை.

உட்கார்ந்ததும் ஒரு பெண் பறவைக் கூண்டைக் கொண்டுவந்து நீட்டினாள். போன்களை அதில் போட வேண்டுமாம். சாப்பிட்டு முடிக்கும்வரை அது மேலே கட்டிலுக்குப் பக்கத்தில் தொங்கும்.

"நான் போடல. அம்மா கூப்பிடுவாங்க," என்றேன்.

"அதான் டீச்சர் இருக்காங்களேடா," என்றாள் அக்கா. "கொஞ்ச நேரம் நீ இல்லன்னா உலகம் நின்னுடுமா?"

"மாப்ள, எல்லாரும் நம்மளையே பாக்குறாங்க. போடு," என்றார் மாமா. அக்கா கணவரை நான் மாமா என்றுதான் கூப்பிடுவேன். முதல் ஆளாகத் தன்னுடையதைப் போட்டவரும் அவர்தான். நானும் போட்டேன். அந்தப் பெண் கயிற்றை இழுத்தாள்.

கீழே விழுந்ததிலிருந்து அம்மாவுக்கு ராத்திரியில் தூக்கம் கிடையாது. எழுந்துபோய் அடுப்பைப் பற்றவைப்பார். வாசல் கதவைத் திறந்துவைத்து நிற்பார். அதனால்தான் பார்சல் கிடங்கில் பார்த்துவந்த இரவு வேலையை விட்டேன். முதியோர் இல்லத்தில் சேர்க்கலாம் என்று அண்ணன் ஆரம்பித்தபோது, என் உயிர் இருக்கும்வரை நடக்காது என்றேன். பிறகு யாரும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. ஜெயித்துவிட்டதாக நினைத்துக்கொண்டேன்.

கேக் வந்தது. அக்கா தன் பங்கையும் வெட்டி என் தட்டில் வைத்தாள்.

"கல்யாணமான புதுசுல உங்கக்கா ஒரு சூப் வச்சா மாப்ள. அந்த ருசி இன்னும் நாக்குல இருக்கு," என்றார் மாமா.

"இன்னொரு கப் கேட்டு வாங்கிக் குடிச்சது யாரு?"

"பயத்துல கேட்டேன்டி."

வயிறு வலிக்கச் சிரித்தேன். அப்படிச் சிரித்து ரொம்ப நாளாகியிருந்தது.

சூப்பும் வந்துவிட்டது. அண்ணன் வரவில்லை. "டிராஃபிக்கா இருக்கும்," என்றாள் அக்கா. நான் கேட்கவே இல்லை.

எங்கள் வீட்டில் ஒரு பழக்கம் உண்டு. யார் வெளியே சாப்பிட்டாலும் அம்மாவுக்கு ஏதாவது கட்டிக்கொண்டு போவோம். அதை ஆரம்பித்து வைத்ததே அக்காதான். பணியாளன் தட்டுகளை எடுக்க வந்தபோது, "இந்த சூப் ஒண்ணு பார்சல்," என்றேன்.

"வேணாம்டா. அங்க சாப்பாடு சீக்கிரமே குடுத்துடுவாங்க," என்றாள் அக்கா.

மாமா கரண்டியைக் கீழே வைத்தார்.

"எங்க?" என்றேன்.

அக்கா கைக்குட்டையால் வாயைத் துடைத்தாள். துடைத்துக்கொண்டே இருந்தாள்.

"எங்கக்கா குடுப்பாங்க?"

"அண்ணன் அம்மாவ இல்லத்துக்குக் கூட்டிட்டுப் போயிருக்கான். நீ இருந்தா விடமாட்ட. தெருவையே கூட்டிடுவ. அதான்..."

"அதான் கேக் ஊட்டினியா?"

"மாப்ள, உன் நல்லதுக்குத்தான்..."

"நீங்க வாயத் திறக்காதீங்க மாமா."

கூண்டை இறக்கச் சொன்னேன். அந்தப் பெண் நிதானமாகத்தான் இறக்கினாள். போனில் அம்மாவிடமிருந்து ஓர் அழைப்புகூட வந்திருக்கவில்லை. டீச்சரிடமிருந்தும் இல்லை. டீச்சரும் கூட்டு என்பது அப்போதுதான் உறைத்தது.

அக்காவிடம் விலாசம் வாங்கிக்கொண்டு தனியாகவே கிளம்பினேன். இல்லத்தின் முன்கூடத்தில் பினாயில் வாடை. அண்ணன் பெஞ்சில் உட்கார்ந்திருந்தான். என்னைப் பார்த்ததும் எழுந்து சுவரோரமாகப் போய் நின்றான். அம்மா தலைவாரி, நல்ல புடவை கட்டி, வாக்கரைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார்.

"கிளம்பும்மா. வீட்டுக்குப் போலாம்."

"சாப்டியா?"

"கிளம்புன்னு சொல்றேன்ல."

"அவன ஏன் முறைக்கிற? நான்தான் கூட்டிட்டுப் போகச் சொன்னேன்," என்றார் அம்மா. "உன்ன வெளிய கூட்டிட்டுப் போகச் சொன்னதும் நான்தான்."

அண்ணனைப் பார்த்தேன். அவன் மறுக்கவில்லை.

"ஏம்மா?"

"ராத்திரி பூரா என்னையே பாத்துக்கிட்டு உக்காந்திருக்க. புரண்டு படுத்தா எழுந்து நிக்கிற. இருமுனா லைட்டப் போடுற. எனக்கு மூச்சு முட்டுதுடா."

"என்கிட்ட சொல்லியிருக்கலாம்ல?"

"சொன்னா விட்டிருப்பியா?"

அக்காவைத் திட்டலாம். அண்ணன் சட்டையைப் பிடிக்கலாம். வழியெல்லாம் அதற்குத் தயாராகத்தான் வந்திருந்தேன். அம்மாவை என்ன செய்வது?

பார்வையாளர் நேரம் முடிந்ததென்று பணிப்பெண் வந்து நின்றாள். அம்மா வாக்கரைத் திருப்பி, ஒவ்வோர் அடியாக உள்ளறை வாசலைத் தாண்டினார். நானும் பின்னாலேயே போனேன். பணிப்பெண் கையை நீட்டித் தடுத்தாள்.

"கதவச் சாத்திக்கம்மா," என்றார் அம்மா, திரும்பாமலே. "இவன் போகமாட்டான், இங்கயே நிப்பான்."

பணிப்பெண் என் முகத்தைப் பார்க்காமல் கதவைச் சாத்தி, உள்பக்கம் பூட்டினாள்.