ஞாயிற்றுக்கிழமை செத்தவரின் திங்கட்கிழமைச் சான்றிதழ்

1

இந்தக் கதை எனக்குத் தட்டச்சு மேசையில் கிடைத்தது. கோயம்புத்தூர் கோர்ட்டுக்கு எதிர்ச் சந்தில், ஒரு நோட்டரி வக்கீலிடம், தமிழ்ச் சான்றிதழ்களை இங்கிலீஷில் டைப் அடித்துக் கொடுப்பது என் பிழைப்பு. கதை எழுதுவது அதற்கு மேல் செய்கிற வெட்டி வேலை. ஊரே வெளிநாட்டுக்குப் போக ஆரம்பித்த பிறகு பிறப்பு, கல்யாணம், சாவு மூன்றும் என் மேசைக்கு வந்து இங்கிலீஷாகிப் போகின்றன. மூன்றில் சாவுதான் சுலபம், ஒரே பக்கம். அதுவும் அலுத்துவிட்டது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

தொண்ணூற்றாறில் கௌதமன் வந்தான். மஸ்கட்டில் ஏசி மெக்கானிக். அவன் அப்பா ஐயாசாமியின் இறப்புச் சான்றிதழை அடித்து முடித்து, சரிபார்க்கச் சொன்னேன். தேதியில் விரலை வைத்தான்.

"இது தப்புங்க. ஆனா இதையேதானுங்க நாங்க எழுதிக் குடுத்தோம்."

அதற்கப்புறம் அவன் சொன்னதும், சொல்லாமல் விட்டதை நான் இட்டு நிரப்பியதும் சேர்ந்ததுதான் இது.

2

முதல் தொடக்கம்: "ஐயாசாமியின் வாசலில் வாழைமரம் கட்டியிருந்தது. உள்ளறையில் அவர்—"

வேண்டாம். வாழைமரத்தையும் பிணத்தையும் பக்கத்தில் வைத்து வாசகரை முதல் வரியிலேயே அழவைப்பது மலிவான வேலை.

இரண்டாம் தொடக்கம்: "கௌதமன் விமானம் ஏறியபோது அவன் அப்பா இன்னும் சாகவில்லை."

கெட்டிக்கார வரிதான். கெட்டிக்கார வரிகளைக் கண்டால் எனக்கு இப்போதெல்லாம் கொட்டாவி வருகிறது. நடந்ததை நடந்தபடியே சொல்லிவிடுகிறேன்.

ஐயாசாமி மில்லில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். மகள் சண்முகப்ரியாவுக்குத் திங்கட்கிழமை காலையில் அவிநாசியில் முகூர்த்தம். ஞாயிறு சாயங்காலம், மண்டபத்துக்குப் போக வேன் வாசலில் வந்து நின்ற நேரத்தில், நெஞ்சு வலிக்கிறது என்று உள்ளறையில் படுத்தவர் அப்படியே போய்விட்டார். கூட இருந்தது இரண்டே பேர். ஒருத்தி மனைவி பாவாத்தாள். இன்னொருவர் மில்லில் அவரோடு முப்பது வருஷம் வேலை பார்த்த ஷேக் பரீத்.

பாவாத்தாள் அழவில்லை. அழுதால் கல்யாணம் நின்றுபோகும். நின்றால் ஒரு வருஷம் தள்ளும். கோபிச்செட்டிபாளையத்து மாப்பிள்ளை வீட்டார் ஒரு வருஷமெல்லாம் காத்திருக்கப் போவதில்லை. அப்பனை முழுங்கிய பெண் என்று ஒரு பேச்சு கிளம்பினால் அப்புறம் யார் வருவார்கள்? அவள் கதவைச் சாத்திக்கொண்டு வெளியே வந்து, அவருக்குக் கடுமையான காய்ச்சல், ஊசி போட்டுத் தூங்குகிறார் என்றாள். மகளைக் கூப்பிட்டு, எழுப்பாமல் அப்பா காலைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டு வா என்று அந்த அரையிருட்டுக்குள் அனுப்பினாள். வேன் கிளம்பியது. ஷேக் பரீத் காவலுக்கு இருந்தார்.

மறுநாள் தாலி ஏறியது. பந்தி முடிந்த பிறகுதான் ஐயாசாமி எல்லோருக்கும் செத்தார். சான்றிதழில் திங்கட்கிழமை விழுந்தது.

[இப்படி மறைப்பது புதிதில்லை. உங்கள் சொந்தத்திலும் ஒரு வீட்டில் நடந்திருக்கும். விசாரிக்காதீர்கள்.]

ஒரே ஒரு பிசகு. பெற்ற பிள்ளைக்காவது உண்மை தெரிய வேண்டாமா என்று ஷேக் பரீத் ஞாயிறு சாயங்காலமே, வேன் கிளம்பியதும் வீட்டைப் பூட்டிவிட்டு டெலிபோன் பூத்துக்குப் போய் மஸ்கட்டுக்குப் பேசியிருந்தார். கௌதமன் மேலாளரிடம் அப்பா இறந்துவிட்டார் என்று சொல்லிவிட்டு அன்றைக்கே விமானம் ஏறினான். திங்கட்கிழமை அவன் வீடு வந்து சேர்ந்ததும், யார் கேட்டாலும் நீ கல்யாணத்துக்கு வந்தாய், அப்பா போனது இன்றைக்கு மத்தியானம் என்றே சொல் என்றாள் அம்மா. சரி என்று தலையாட்டினான். அதற்கு மேல் யோசிக்க அவனுக்குத் தெம்பில்லை.

3

கம்பெனியிலிருந்து பேக்ஸ் வந்தது. இறப்புச் சான்றிதழை முறைப்படி அத்தாட்சி செய்து கொண்டு வந்தால்தான் வேலை. பாஸ்போர்ட்டில் அவன் கிளம்பிய முத்திரை ஞாயிற்றுக்கிழமை. சான்றிதழில் அப்பா செத்தது திங்கட்கிழமை. தங்கை கல்யாணத்துக்கு அவன் ஏற்கெனவே லீவு கேட்டு, அவர்கள் மறுத்திருந்தார்கள். உயிரோடிருந்த அப்பாவைக் கல்யாண லீவுக்காக வாயாலேயே கொன்றவன் என்றுதான் இதைப் படிக்கிற எவனும் நினைப்பான். வேலை போகும், மறுபடி அந்த நாட்டுக்குள் கால் வைக்கவும் முடியாது. கல்யாணக் கடன் மொத்தமும் அந்த வேலையை நம்பித்தான் வாங்கியது.

[அத்தாட்சி என்றால் என்ன என்று தெரியாதவர்களுக்கு: என் மொழிபெயர்ப்பு சரி என்று வக்கீல் முத்திரை குத்துவார். வக்கீல் கையெழுத்து சரி என்று சென்னைக் கோட்டையில் குத்துவார்கள். கோட்டைக் கையெழுத்து சரி என்று டெல்லியில். டெல்லி சரி என்று தூதரகத்தில். செத்தது எப்போது என்று இவர்களில் ஒருவரும் கேட்பதில்லை. கதை எழுதுகிறவன் பொறாமைப்பட வேண்டிய ஏற்பாடு.]

தேதியை மாற்ற முடியுமா என்று பதிவு அலுவலகத்தில் விசாரித்தான். மாற்றலாம், ஆனால் வாரிசுகள் எல்லோரும் கையெழுத்துப் போட வேண்டும், மகளைக் கட்டிக்கொடுத்த வீட்டிலும் விசாரிப்போம் என்றார்கள். வாரிசு என்றால் அம்மா, அவன், சண்முகப்ரியா.

4

பாவாத்தாளை எனக்கு எழுத வரவில்லை. முதல் பிரதியில் அவளைக் கல்நெஞ்சுக்காரியாக எழுதினேன். படித்துப் பார்த்தபோது எனக்கே கூசியது. இரண்டாம் பிரதியில் தியாகியாக்கினேன். அது அதைவிட மோசம். மகளை எதற்காக அந்த அறைக்குள் அனுப்பினாள் என்ற இடத்தில்தான் இரண்டு பிரதியும் நொண்டின. சந்தேகம் வரக்கூடாது என்றா? கடைசியாக ஒரு தரம் அப்பாவிடம் ஆசி வாங்கட்டும் என்றா? கௌதமனிடம் கேட்டேன். நானும் கேக்கலீங்க, கேட்டா அம்மா ஒடஞ்சுபோயிரும் என்றான். அதனால் நானும் விட்டுவிட்டேன்.

5

அம்மாவும் மகனும் கோபிக்குப் பஸ் ஏறினார்கள். பஸ் வரைக்கும் அவன் சொன்னது. வீட்டுக்குள் நடந்ததை அவன் இரண்டு வாக்கியத்தில் முடித்துக்கொண்டான். மீதி நான்.

மாமியார் காப்பி வைத்துக்கொடுத்துவிட்டுத் தோட்டத்துப் பக்கம் போனாள். சண்முகப்ரியாவின் கழுத்தில் மஞ்சள் இன்னும் வெளுக்கவில்லை. கௌதமன் தேதி மாற்றும் விண்ணப்பத்தை மடியிலேயே வைத்திருந்தான். பாவாத்தாள்தான் ஆரம்பித்தாள்.

"கண்ணு, உங்கப்பன் அன்னைக்கு…"

"சொல்லாதீங்கம்மா."

தடுத்த சண்முகப்ரியாவே, தோட்டத்துப் பக்கம் ஒரு கண்ணை வைத்துக்கொண்டு, தாழ்ந்த குரலில் சொன்னாள்.

"காலைத் தொட்டனேம்மா. சில்லுன்னு இருந்துச்சு. தொட்டுக் கும்பிட்டுட்டு வந்து வேன்ல ஏறிட்டேன்."

பாவாத்தாள் மகளுடைய கையைப் பிடிக்கப் போனாள். அவள் கையைக் கொடுக்கவில்லை.

(இங்கே நிறுத்தினால் கதை அழகாக முடியும் என்று எனக்குத் தெரியும். ஒரு பிரதியில் இங்கேதான் நிறுத்தினேன். ஆனால் கௌதமனின் வேலைக்கு என்ன ஆயிற்று? அழகாக முடித்துவிட்டு அவனை நடுத்தெருவில் விடுவது எனக்குப் பிடிக்கவில்லை.)

கௌதமன் விஷயத்தைச் சொன்னான். தங்கை காகிதத்தை வாங்கி இரண்டு தரம் படித்தாள்.

"நீங்க ஒருத்தரும் சொல்லாத வரைக்கும் தெரியாதவளாட்டம் இருந்துக்கறேன்ணா. இதுல கையெழுத்துப் போட்டா, இந்த ஊட்டுல என் தாலி தீட்டுத் தாலிங்க."

"எனக்கு வேற வழியில்ல அம்மணி."

"எனக்குமில்லீங்கண்ணா."

காகிதத்தை மடிக்காமல் அவன் மடியிலேயே திருப்பி வைத்தாள். மாமியார் கீரைக்கட்டோடு வந்து, சாப்பிட்டுவிட்டுத்தான் போக வேண்டும் என்றாள். சாப்பிட்டார்கள். பாவாத்தாள் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தாள்.

6

முடிவுகள் என்னிடம் நிறைய இருக்கின்றன. சண்முகப்ரியா கடைசி நிமிஷத்தில் பஸ் ஸ்டாண்டுக்கு ஓடிவந்து கையெழுத்துப் போடுகிறாள். அடித்துவிட்டேன், ஆஸ்பத்திரிக்கு என்று சொல்லக்கூட வழியில்லாத புதுப்பெண் எந்தச் சாக்கில் அத்தனை தூரம் வருவாள்? தங்கையின் கையெழுத்தைக் கௌதமனே போட்டுவிடுகிறான். அதையும் அடித்தேன், விசாரணைக்கு ஆள் போனால் அதே வீட்டுக்குத்தான் போவான். ஷேக் பரீத், சாவதற்கு முன்னாடியே செத்துவிட்டார் என்று தப்பாகச் சொல்லி நான்தான் அவனை வரவழைத்தேன் என்று எழுதித் தருகிறார். இது எனக்குப் பிடித்திருந்தது. ஆனால் ஒரு ராத்திரி முழுக்கப் பிணத்தோடு உட்கார்ந்திருந்த மனிதரை இன்னொரு தரம் உட்கார வைக்க மனம் வரவில்லை.

கோபிக்குப் போய் வந்த மறுநாள் கௌதமன் மறுபடி என்னிடம் வந்தது உண்மை. ஒரு தேதி சொன்னான், இங்கிலீஷில் அதையே அடித்துக் கொடுத்தேன், வக்கீல் முத்திரை குத்தினார், அவன் சென்னைக்கு ரயில் ஏறினான். எந்தத் தேதி என்று எனக்குத் தெரியும். எழுத மாட்டேன். ஞாயிறு என்றால், புருஷன் செத்த வீட்டில் மேளம் கொட்ட வைத்தவள் அம்மா, தெரிந்தே போய்க் கழுத்தை நீட்டியவள் மகள். திங்கள் என்றால், லீவுக்காக அப்பாவைச் சாகடித்தவன் மகன். பழி யார் மேலும் விழாத ஒரு தேதியை மூன்று மாதமாகத் தேடிவிட்டேன். ஞாயிற்றுக்கும் திங்களுக்கும் நடுவில் ஒன்றும் இல்லை.

இத்தனை தூரம் படித்துவிட்டீர்கள். தாளை மிஷினில் ஏற்றியிருக்கிறேன். மூன்று பேரில் யாரைக் கெட்டவராக்குவது என்று நீங்கள் சொல்லுங்கள், அடித்துத் தருகிறேன்.