ரோஸென் ஏற்றிய கொடி

ஒரே கோடையில் ஜில்தாஸை நான்கு முறை கடலிலிருந்து தூக்கி வந்தார்கள். நான்கு முறையும் தூக்கி வந்தவர் அவனுடைய மாமனார். ஒரு மருமகனுக்கு இதைவிட என்ன மானக்கேடு வேண்டும்?

மாமனார் ஜாகேஸ், கெர்வீன் குடாவின் மீட்புப் படகுக்குத் தலைவர். பிரான்ஸின் பிரெத்தான் கரையில் நாற்பது வருஷம் மீன் பிடித்தவர். மருமகனோ காலில் இரண்டு சறுக்குப் பலகைகளை மாட்டிக்கொண்டு, படகும் இல்லாமல் பாய்மரமும் இல்லாமல், வானத்தில் பறக்கும் பட்டம் இழுக்க இழுக்கக் கடல்மேல் போகிறவன். போவதில் ஒரு குறையும் சொல்ல முடியாது. அழகாகவே போவான். பட்டம் தண்ணீரில் விழுந்துவிட்டால் மறுபடி எழாது, அதுதான் கோளாறு.

பட்டத்தைத் தைத்தவள் அவன் மனைவி ரோஸென். பாய் தைக்கும் பட்டறையில் பன்னிரண்டு வருஷ வேலை. அவள் தைத்தது கிழியாத பாய் என்றுதான் ஊரில் பேச்சு. இது எட்டாவது பட்டம். முன்விளிம்பில் பம்பு வைத்துக் காற்றடைத்த ஒரு தடித்த குழாய், அதிலிருந்து வில்லாக வளைந்த மஞ்சள் துணி. காற்றடைத்த குழாய் இருந்தால் மூழ்காது என்பது அவள் கண்டுபிடித்த யோசனை. மூழ்கவும் இல்லை. ஆனால் குப்புற விழுந்த பட்டம், தூங்கும் பன்றி மாதிரி அப்படியே கிடந்தது.

"மிதக்குது, ஒத்துக்கறேன்" என்பான் படகில் வேலை செய்யும் லான். "மிதக்கறதுக்கு எங்க வீட்டுப் பழைய கதவும்தான் மிதக்கும்."

லானுக்குக் கோபம் வரக் காரணமும் இருந்தது. மூன்றாவது முறை தூக்கப் போனபோது பட்டத்தின் கயிறு படகின் அடியில் சுழலும் விசிறியில் சுற்றிக்கொண்டது. லான்தான் பல்லில் கத்தியைக் கடித்துக்கொண்டு ஜில்லென்ற தண்ணீரில் குதித்து அறுத்தான். அன்றைக்கு ஜாகேஸ் மருமகனைப் பார்த்துக் கத்தியது குடா முழுக்கக் கேட்டது.

"எங்க ஊர்ல நாலு வயசுப் பிள்ளைக்குத் தெரியும்டா! மீட்க வர்ற படகுக்கு முன்னால உன் கயிறை எல்லாம் நீ அள்ளிக்கணும். அள்ளிட்டு அப்புறம்தான் கையை நீட்டணும். நீ சாகறது உன் இஷ்டம், என் ஆளுங்களையும் சேர்த்துச் சாகடிக்காதே!"

செப்டம்பரில் ஒரு சனிக்கிழமை, மகள் வீட்டில் சாப்பிட வந்த ஜாகேஸ், தட்டில் இருந்த கோதுமை தோசையைத் தொடாமல் விஷயத்தைச் சொன்னார்.

"மேயர் உத்தரவை எழுதி வெச்சுட்டார். இன்னொரு தடவை உன்னைத் தூக்கிட்டு வந்தோம்னா, குடாவுல பட்டம் கூடாது. நானும் சரின்னு வாக்குக் கொடுத்துட்டேன்."

"மாமா, உங்க மருமகன் நான்."

"அதனாலதான் நாலு தடவை பொறுத்தேன். வேற எவனா இருந்தா ரெண்டோட முடிஞ்சிருக்கும்."

பிறகு மகள் பக்கம் திரும்பினார். குரல் இறங்கியது.

"நாளைக்கு இவன் போனா, கொடிக் கம்பத்துகிட்ட நீ நில்லு. நான் என் கண்ணை நம்ப மாட்டேன், அது சீக்கிரம் கோபப்படும். நீ ஆரஞ்சுக் கொடியை ஏத்தினா படகு கிளம்பும். ஏத்தலேன்னா கிளம்பாது."

ரோஸெனுக்குப் பகீரென்றது. இந்தக் கிழவர் எவ்வளவு பெரிய பாரத்தை எவ்வளவு சாதாரணமாகத் தூக்கித் தலையில் வைக்கிறார்! கொடியை ஏற்றினால் புருஷனுடைய ஏழு வருஷக் கனவு முடிந்தது. ஏற்றாவிட்டால் புருஷனே முடிந்தாலும் முடியலாம்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து ஊரே கரைக்கு வந்துவிட்டது. வேடிக்கை என்றால் கெர்வீன்காரர்களுக்கு ஆப்பிள் மதுவான சைடர்கூட வேண்டாம். தென்மேற்குக் காற்று, கரையை ஒட்டி, வடக்குமுனைக் கறுப்புப் பாறைகளைப் பார்த்து வீசியது. ரோஸென் பட்டத்தை நீட்டிப் பிடித்து விட்டாள். அது எழும்பியது. ஜில்தாஸ் பலகைகள் தண்ணீரைக் கிழிக்கக் குடாவின் நடுவுக்குப் பறந்தான். அந்தக் கணத்தில் அவளுக்கு வந்த பெருமை கொஞ்சமில்லை. அவள் தைத்த துணி ஒரு ஆளைக் கடல்மேல் இழுத்துப் போகிறது!

பத்தே நிமிஷம். காற்று ஒரு கணம் செத்தது, பிறகு திடீரென்று ஒரு வேகக்காற்று. பட்டம் தடுமாறிக் குப்புற விழுந்தது.

"ஆச்சு, படுத்துக்கிச்சு" என்று கூட்டத்தில் யாரோ சொன்னார்கள்.

ஜில்தாஸ் கயிற்றை இறுக்கிப் பிடித்து இழுப்பது அவளுக்குத் தெரிந்தது. தளர்ந்த கயிறு கடல்காரனுக்கு எமன். எதை விட்டாலும் கயிற்றை விடாதே என்று கேட்டு வளர்ந்தவர்கள் அவர்கள். அவளே கரையில் நின்று, "இறுக்கு, இன்னும் இறுக்கு" என்று முணுமுணுத்தாள். அவன் இழுக்க இழுக்கப் பட்டம் மூக்கைத் தண்ணீரில் அழுத்திக்கொண்டு கிடந்தது. பலகைகள் காலிலிருந்து கழன்று தனியே மிதந்தன. அவனும் பட்டமும் சேர்ந்து பாறைப் பக்கம் நகர்ந்தார்கள்.

முந்நூறு மீட்டர் இருந்தது இருநூறானது. பாறையில் அலை மோதி வெள்ளையாகச் சிதறியது. ரோஸென் கொடிக் கயிற்றைப் பிடித்தபடி நின்றாள். இன்னும் ஒரு நிமிஷம், இன்னும் ஒரு நிமிஷம் என்று தனக்கே தவணை சொல்லிக்கொண்டாள். அவன் முகம் கண்ணுக்கு முன் வந்தது. எதற்கும் உதவாதவன் என்று ஊர் சிரித்தபோதெல்லாம் அவளைப் பார்த்துக் கண்ணடித்த முகம். அந்த முகம் அவளுக்கு வேண்டும். பட்டம் போனால் போகட்டும்.

அழுதுகொண்டே கொடியை ஏற்றினாள்.

படகு சரிவில் இறங்கித் தண்ணீரில் பாய்ந்தது. தண்ணீரிலிருந்து ஜில்தாஸ் கொடியைப் பார்த்தான். ஒரு நொடி அசையாமல் இருந்தான். பிறகு தோற்றவன் செய்யவேண்டிய மரியாதையைச் செய்யத் தொடங்கினான். பட்டத்தின் கயிறு கட்டிய கைப்பிடிக் கம்பி இடுப்புப் பட்டையில் தொங்க, கயிற்றை முழம் முழமாக அள்ளிக்கொண்டு பட்டத்தை நோக்கி நீந்தினான்.

கயிறு தளர்ந்தது. தளர்ந்ததும், அவ்வளவு நேரம் பிணம் மாதிரிக் கிடந்த பட்டம் மெல்ல மல்லாந்தது. ஒரு பக்கமாகத் திரும்பியது. அதன் ஒரு முனை தண்ணீரை விட்டுத் தூக்கிக்கொண்டது. அவன் அள்ளி வைத்திருந்த கயிறு உள்ளங்கைத் தோலை உரித்துக்கொண்டு ஓடியது. தண்ணீர் சொட்டச் சொட்ட மஞ்சள் பட்டம் எழும்பி நின்றது!

ஜில்தாஸ் வயிற்றால் தண்ணீரை உழுதுகொண்டு, பாதிக் கடலைக் குடித்தபடி, மாமனாரின் படகைத் தாண்டிக் கரைக்கு வந்தான். தாண்டும்போது எதையோ கத்தினான். என்ன கத்தினான் என்று லான் இன்றுவரை சொல்ல மறுக்கிறான்.

பாறைக்கு நாற்பது மீட்டர் முன்னால் மணலில் வந்து விழுந்தான். ரோஸென் ஓடிப்போய்ப் பிடித்தாள்.

"நான்தான் ஏத்தினேன். என்னால முடியலே, ஜில்தாஸ். நான்தான் ஏத்தினேன்."

அவன் ரத்தம் கசியும் உள்ளங்கைகளை விரித்துக் காட்டிச் சிரித்தான்.

"அடி பைத்தியம்! நீ ஏத்தலேன்னா நான் கயிறை அள்ளியிருப்பேனா? இழுத்துப் பிடிச்சுக்கிட்டே பாறையில போய் முட்டியிருப்பேன். நாமதான் அதை எழவிடாம அமுக்கிப் பிடிச்சிருக்கோம், ஏழு வருஷமா!"

அதற்குள் படகு திரும்பி, ஜாகேஸ் ரப்பர் பூட்ஸில் தொப்புத் தொப்பென்று வந்து சேர்ந்தார். பின்னாலேயே லான்.

"கொடி ஏறிச்சு, படகும் போச்சு. உத்தரவு உத்தரவுதானே, தலைவரே?"

"தூக்கிட்டு வந்தாதான்னு சொன்னேன். யாரைத் தூக்கிட்டு வந்தோம்? படகுல போனப்பவும் நீதான், வந்தப்பவும் நீதான்." மருமகனைப் பார்த்தார். "ஒரு தடவை எழுந்தது அதிர்ஷ்டம். போய் விழு."

"மாமா?"

"வேணும்னே போய் விழு. நான் பார்க்கணும்."

கையில் துணியைச் சுற்றிக்கொண்டு ஜில்தாஸ் கழுத்தளவு தண்ணீருக்குப் போனான். பட்டத்தை வேண்டுமென்றே குப்புறத் தள்ளினான். பிறகு அதை நோக்கி நீந்தினான். பட்டம் கிடந்தது. கிடந்தது. அலை ஒன்று அதன்மேல் ஏறிப் போயிற்று. கொடியை இறக்கிவிட்டுக் கம்பத்தடியில் நின்ற ரோஸெனின் கை தானாகக் கொடிக் கயிற்றுக்குப் போனது. அதன்மேல் அப்பாவின் கை வந்து அழுத்தியது.

"இரு, அம்மாடி."

பட்டம் மல்லாந்து, திரும்பி, எழுந்தது.

"மேயர்கிட்ட நான் பேசிக்கறேன்" என்றார் ஜாகேஸ். சொல்லிவிட்டும் மகளின் கையை அவர் விடவில்லை.