கூடை மாட்டினால் நேராகும் கால்

என் மனைவி நேசராணியின் வலது கணுக்காலுக்குள் ஒரு தகடும் ஏழு ஆணிகளும் இருக்கின்றன. இதை நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. எக்ஸ்ரே படத்தைத் தூக்கிக்கொண்டு எங்கள் லயத்து வரிசையின் பன்னிரண்டு வீட்டுக்கும் அவளே போய்க் காட்டிவிட்டாள். ஊன்றுகோலோடு போனாள் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

தெமோதரைக்கு மேலே எங்கள் தேயிலைத் தோட்டம். நவம்பர் மழையில், கொழுந்துக் கூடையோடு, மழைத்தண்ணீர் ஓட வெட்டிய கானுக்குள் சறுக்கி விழுந்தாள். நான் கொழுந்தை அரைத்துத் தூளாக்கும் ஸ்டோரில் வேலை செய்பவன். செய்தி கேட்டு ஓடிப்போய்ப் பார்த்தபோது அவள் முகம் என்னைப் பார்த்தது, பாதம் வேறு யாரையோ பார்த்தது. "ஏங்க, கொழுந்து கொட்டிப்போச்சான்னு பாருங்க" என்றாள். அந்தப் பாதம் இப்போதும் என் கனவில் வருகிறது.

பதுளை ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. ஆறு வாரம் காலை ஊன்றக்கூடாது என்றார்கள். அந்த ஆறு வாரமும் நான்தான் சமைத்தேன். ஆபரேஷனைவிட அதுதான் வலித்தது என்று கோயிலில் ஃபாதரிடமே சொன்னாள்.

ஆனால் அவளுடைய உண்மையான கவலை வலியும் இல்லை, என் சமையலும் இல்லை. நிரை. கொழுந்து பறிக்க ஒவ்வொருத்திக்கும் விடப்படும் செடி வரிசைதான் நிரை. பாதை ஓரத்து முதல் நிரை இருபத்திரண்டு வருடமாக நேசராணிக்கு. யாரும் எழுதி வைக்கவில்லை. ஆனாலும் வேறு யாரும் அதில் கால் வைக்க மாட்டார்கள். இப்போது அங்கே பக்கத்து வீட்டுப் பெரியாயி நின்றாள். நின்றது போதாதென்று தினமும் சாயந்தரம் நலம் விசாரிக்கவும் வந்தாள்.

"அக்கா, ஒங்க நெரையில கொழுந்து சும்மா தள்ளுது. கை போதல" என்பாள்.

அவள் போனதும் நேசராணி காலைத் தூக்கிப் பயிற்சியை ஆரம்பிப்பாள். பெருவிரலால் காற்றில் எழுத்து எழுதச் சொல்லியிருந்தான் றுஷ்தி. ஆஸ்பத்திரியில் பயிற்சி சொல்லிக்கொடுக்கும் இளைஞன் அவன். இவள் அ, ஆ எழுதவில்லை. பெரியாயி என்று எழுதி, அதே காலால் குறுக்கே ஒரு கோடு போட்டு அடித்தாள். கணுக்கால் வேகமாகத் தேறியதற்கு அதுதான் காரணம் என்று நான் நினைக்கிறேன்.

கங்காணி ஜெயகுமார் மட்டும் கறாராகச் சொல்லிவிட்டான். "டொக்டர் கார்டுல மலைக்குப் போகலாம்னு எழுதிக் குடுத்தா நெரை ஒங்களுக்குத்தான். இல்லாட்டி தவறணையில கன்னுக்குத் தண்ணி ஊத்துங்க அக்கா. அங்க நெழலாவும் இருக்கும்."

நிழல் என்ற சொல்லைக் கேட்டதும் அவளுக்கு மூக்கு சிவந்துவிட்டது. எனக்கோ அந்த யோசனை ரொம்பப் பிடித்திருந்தது. தேயிலைக் கன்று வளர்க்கும் தவறணை சமதரை. கான் கிடையாது. அங்கே யாருடைய பாதமும் திரும்பிக்கொள்ளாது. ஆனால் இதை வெளியே சொல்லும் தைரியம் எனக்கில்லை.

நாலாவது மாதம் எங்கள் அம்மிக்குழவி காணாமல் போனது.

காலையில் இருக்கும், மத்தியானம் இருக்காது, ராத்திரி மறுபடியும் இருக்கும். பெரியாயி வீட்டில்தான் இரவல் போகிறது என்று முடிவு கட்டி, நேரே போய்க் கேட்டேன். "எங்க வீட்டுல மிக்ஸி இருக்கு அண்ணே" என்று அவள் கொடுத்த பதிலில் என் மானம் போனது.

அடுத்த நாள் அரை நாள் லீவு போட்டுவிட்டு லயத்துக்குப் பின்னால் ஒளிந்திருந்தேன். பத்து மணிக்கு நேசராணி வெளியே வந்தாள். இடுப்பில் படங்குச் சாக்கு, தலையில் கயிறு, முதுகில் கூடை. கூடைக்குள் குழவி. கோயில் மேட்டுக்கு ஏறும் ஒற்றையடிப் பாதையில் ஏறினாள், இறங்கினாள், மறுபடியும் ஏறினாள். கால் கொஞ்சமும் தடுமாறவில்லை. மூச்சு வாங்க நின்று, கணுக்காலைக் குனிந்து பார்த்து, "என்னா, போவமா?" என்று அதனிடமே கேட்டாள். பார்த்ததைச் சொல்லாமல் ஸ்டோருக்குப் போய்விட்டேன்.

மே மாதம் கடைசிக் கிளினிக். றுஷ்தி ஒரு நீளப் படிவத்தை எடுத்து எல்லாம் கேட்டான். வீக்கம்? சாயந்தரத்தில் கொஞ்சம். வலி? குளிருக்கு மட்டும். பிறகு, "அக்கா, இந்த கொரிடோர்ல அந்தக் கதவு மட்டும் நடந்து காட்டுங்க" என்றான்.

பளபளவென்ற தரை. நேசராணி நடந்தாள். நாலாவது அடியில் இடது பக்கம் சாய்ந்தாள். ஆறாவதில் நொண்டினாள். எட்டாவதில் சுவரைப் பிடித்துக்கொண்டாள். திரும்பி வரும்போது இன்னும் மோசம். றுஷ்தியின் முகம் சுருங்கியது.

"மலை வேல இப்ப சரிவராது போல அக்கா. நெழல்ல ஏதாவது..."

வாயை மூட நேசராணிக்குத் தெரியும் என்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. கீழே பார்த்துக்கொண்டு நின்றாள். கண் நிறைந்திருந்தது.

காரணம் எனக்கு மட்டும்தான் தெரியும். இரண்டாவது தடவை நடக்கப் பழகியபோது அவள் கூடையோடுதான் பழகினாள். முதுகில் பாரம் இருந்தால் அவளுக்குத் தரை பிடிபடும். இல்லாவிட்டால் கால் பயந்துவிடும். இது அவளுக்கே தெரியவில்லை. நான் வாயை மூடிக்கொண்டால் தவறணை, சமதரை, நிம்மதி. என் கனவும் நின்றுவிடும். ஒரு நிமிடம் மூடிக்கொண்டுதான் இருந்தேன். அந்த ஒரு நிமிடத்துக்காக எனக்கு இன்னும் வெட்கமாக இருக்கிறது.

"தம்பி, ஒரு பாரம் குடுங்க" என்றேன்.

"என்ன பாரம்?"

"எங்க வீட்டுக் கொழவி அளவுக்கு."

நேசராணி சடாரென்று நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். றுஷ்தி குழம்பிப்போய், பயிற்சிக்கு வைத்திருந்த மணல் பைகளில் இரண்டைக் கொண்டுவந்தான். நான் எங்கள் சந்தைப் பைக்குள் அவற்றைப் போட்டு, என் தோளில் கிடந்த துவாயை அதன் காதுகளில் கட்டி, அவள் தலையில் மாட்டிவிட்டேன். பை முதுகில் உட்கார்ந்ததும் அவள் தோள் இறங்கியது. கழுத்து முன்னே போனது.

நடந்தாள். கதவு வரை நேராக. கதவைத் தாண்டி, நோயாளிகளைத் தள்ளுவண்டியில் இறக்கும் சரிவிலும் இறங்கி, திரும்ப ஏறி வந்தாள். பெஞ்சில் கட்டுப் போட்ட காலோடு உட்கார்ந்திருந்த ஒருவர் கை தட்டினார். றுஷ்தி படிவத்தை முன்னும் பின்னும் புரட்டினான்.

"இத எழுத இதுல எடமில்லயே" என்றான். பிறகு சிரித்துக்கொண்டே டொக்டரைக் கூட்டிவந்தான். அவர் இன்னொரு தடவை நடக்க வைத்துப் பார்த்துவிட்டு, மலை வேலைக்குப் போகலாம் என்று எழுதினார். கூடை இல்லாமலும் தினமும் அரை மணி நேரம் நடந்து பழக வேண்டும் என்று கீழே கோடு போட்டார்.

பஸ்ஸில் கார்டை மடியில் வைத்துக்கொண்டு கேட்டாள். "நீங்க பேசாம இருந்திருக்கலாமே. தவறணைக்குத்தானே ஆசப்பட்டீங்க?"

"தெரியுமா?"

"நெழல்னு சொல்றப்பல்லாம் ஒங்க மூஞ்சி மலருதே."

"பயமா இருக்கு ராணி" என்றேன். இருபத்தைந்து வருடத்தில் அதை முதல் தடவையாகச் சொன்னேன். இறங்கும்போது என் தோளைப் பிடித்துக்கொண்டாள். வீடு வரைக்கும் விடவில்லை, நொண்டிக்கொண்டேதான் வந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் மண்வெட்டியோடு மலைக்குப் போனேன். அவள் விழுந்த கானின் இரண்டு கரையிலும் மண்ணை வெட்டித் தட்டையான கல்லாகப் பார்த்துப் பதித்தேன். பெரியாயி எங்கிருந்தோ வந்து நின்றாள். திட்டப்போகிறாள் என்று நினைத்தேன். குனிந்து ஒரு கல்லைத் தூக்கிக் கொடுத்தாள். "இது ஆடாது அண்ணே" என்றாள்.

திங்கட்கிழமை காலை ஸ்டோரின் மேல்மாடி ஜன்னலில் நின்று பார்த்தேன். பேர் கூப்பிடும் பெரட்டு முடிந்து பெண்கள் மலையேறினார்கள். பெரியாயி தானாகவே இரண்டாவது நிரைக்குத் தள்ளிக்கொண்டாள். நேசராணி கானருகே வந்து நின்றாள். கல்லைப் பார்த்தாள். ஆணி போட்ட காலையே முதலில் வைத்து, இரண்டு தரம் மிதித்துப் பார்த்தாள். தாண்டினாள்.

பிறகு ஸ்டோர்ப் பக்கம் திரும்பினாள். நான் அங்கே நிற்பேன் என்று அவளுக்கு எப்படித் தெரியுமோ!

"போய் வேலையப் பாருங்க!" என்று மலை முழுக்கக் கேட்கும்படி கத்தினாள்.

போனேன். கண்ணைத் துடைத்துக்கொண்டுதான்.